கமூஸின் கம்பி

கமூஸ் பித்தான் என்பவர் மந்திரியான கதையைப் பற்றி எங்கள் குன்றில் இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மனைவி ஸீஸாவும் நானும் ஒரே கொடியில் துணி உலர்த்தியவர்கள். எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு தேநீர்க்கோப்பைகூட உடைந்ததில்லை.

ஆள் குட்டை, இடதுகைக்காரர். துனீசியா பக்கம் ஜெர்பா தீவில் பிறந்தவர். வாலிபத்தில் கப்பலேறி இந்த யூத நாட்டுக்கு வந்து, மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் கம்பத்திலிருந்து விழுந்து முழங்கால் போயிற்று. வாரியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஹெப்ரோனுக்குத் தெற்கே எங்கள் கிவத் ஆவ்னர் குன்றில் புது வீடுகள் கட்டுகிறார்கள், சலுகையில் கிடைக்கும், பின்புறம் எலுமிச்சை வைக்க இடம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஸீஸா அவரை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். இன்று கேட்டால் ஆபிரகாம் நடந்த மண் என்போம். அன்று எங்களை இழுத்தது மூன்று அறையும் ஒரு எலுமிச்சை மரமும்.

எங்கள் ஊரில் அவருக்கு ஒரு வேலை தானாக வந்து அமைந்தது. வெள்ளி அந்தியிலிருந்து சனி அந்தி வரைக்குமான எங்கள் ஓய்வுநாளில் வீட்டுக்கு வெளியே எதையும் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடாது என்பது வேதச் சட்டம். கைக்குழந்தையைக்கூடத் தூக்கக்கூடாது. ஊரைச் சுற்றிக் கம்பம் நட்டு, உச்சியில் கம்பி இழுத்துக் கட்டிவிட்டால், ஊர் முழுவதும் ஒரே வீடு என்று கணக்கு. அதற்கு எரூவ் என்று பெயர். நாங்கள் வெறுமனே கம்பி என்போம். கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் போச்சு, பிள்ளை பெற்றவளெல்லாம் அன்று வீட்டுக்குள் அடைந்து கிடக்கவேண்டியதுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மதியமும் கமூஸ் நொண்டிக்கொண்டே அதைச் சுற்றி வந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் தண்ணீர்த் தொட்டியின் மேல் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் நிம்மதியாக மெழுகுவர்த்தி ஏற்றுவோம்.

கம்பியை அவர் எட்டாத உயரத்தில்தான் கட்டுவார். லாரியில் வைக்கோல் ஏற்றி அதன்மேல் ஒருவன் நின்றுகொண்டு வந்தாலும் தலையில் படக்கூடாது என்பார். அறுந்த இடத்தை ஒட்டும்போது ஊரெல்லாம் வலப்பக்கம் முறுக்கினால் அவர் இடப்பக்கம் முறுக்குவார். மகன் எல்கானா சின்ன வயதிலிருந்தே அவரோடு சுற்றியவன். அவன் வலதுகைக்காரன். இருந்தும் அப்பாவைப் பார்த்துப் பழகியதில் அவனும் இடப்பக்கமே முறுக்குவான். அப்பனுக்குக் கைதான் கோணல், பிள்ளைக்குப் புத்தியே கோணல் என்று ஸீஸா கேலி செய்வாள். அந்தப் பையன்தான் கமூஸுக்கு உயிர். நாலு பெண்களுக்குப் பிறகு பிறந்தவன்.

எண்பத்தெட்டாம் வருடக் கடைசியில் எல்கானா ராணுவத்தில் இருந்தான். அது அக்கம்பக்கத்துப் பாலஸ்தீனியர்கள் எங்கள் வண்டிகள்மேல் கல்லெறிந்த காலம். எங்கள் பஸ்ஸின் கண்ணாடிகளுக்கெல்லாம் கம்பிவலை போட்டிருந்தார்கள். பாலஸ்தீனியர்கள் எங்கோ தொலைதூரத்தில் கூடி, தங்களுக்கு ஒரு நாடு என்று அறிவித்துவிட்டார்கள். நம் அரசாங்கம் போரில் பிடித்த இந்தக் குன்றுகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு ராணுவத்தைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் என்று பேச்சு கிளம்பியது. அதற்கு மறுபேச்சாகத்தான் எங்கள் ஆட்களில் சிலர் இன்னொரு நாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ராணுவம் போகிற அன்றைக்கே இங்கே யூதேயா என்று தனி நாடு அறிவிப்பது, நம் வேதமான தோராவே அதன் சட்டம், நாமே அதன் படை.

எங்கள் குன்றில் இதைக் கொண்டுவந்தவர் பல் வைத்தியர் ஸெலிக் ஃபார்ப்மன். அமெரிக்காவிலிருந்து வந்தவர். வலிக்காமல் பல் பிடுங்குவார், அதில் குறை சொல்ல மாட்டேன். அவருடைய சிகிச்சை அறைச் சுவரில் முன்பு ஈறு நோய்ப் படம் தொங்கும். அந்தக் குளிர்காலத்தில் அந்த இடத்தில் யூதேயாவின் வரைபடம் வந்துவிட்டது. வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்தால் கண்ணெதிரே அதுதான். வாய்க்குள் கருவி இருக்கும்போது யார் எதிர்த்துப் பேச முடியும்?

முதலில் எல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஜெருசலேமில் ஒரு ஓட்டலில் கூட்டம் போட்டுக் கொடியெல்லாம் காட்டினார்களாம். ஃபார்ப்மன் திரும்பி வந்து எங்கள் ஊரிலும் பதவிகளைப் பங்கிட்டார். என் வீட்டுக்காரர் கவ்ரியேல் ஊர் பஸ்ஸை ஓட்டுகிறவர், அவருக்குப் போக்குவரத்து மந்திரி. இருப்பது ஒரே பஸ், அதற்கும் கியர் விழுவதில்லை. மந்திரி ஐயா, குப்பையைக் கொஞ்சம் வெளியே வையுங்கள் என்று நான் ஒரு வாரம் அவரை வறுத்தெடுத்தேன். கமூஸுக்கு எல்லை மந்திரி. கம்பி அவர் கையில் இருப்பதால்.

கமூஸ் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. ஃபார்ப்மன் கொடுத்த அறிக்கையை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். அதில் ஒரு வரி இருந்தது: நாடு அறிவிக்கப்பட்ட பின் எல்லைக்குள் நுழையும் எந்தப் படையும் அந்நியப் படையாகக் கருதப்படும். அவர் அந்த அறிக்கையை மடித்துக்கொண்டு நேரே வைத்தியரிடம் போனார். அன்று எனக்குக் கடைவாய்ப் பல். நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன்.

"டாக்டர், எம்பையன் ராணுவத்துல இருக்கான். அவனை இங்க அனுப்பினா அவனும் அந்நியனா?"

"கமூஸ் அண்ணே, அன்னைக்கு ஒவ்வொருத்தனும் முடிவு பண்ணணும், கம்பிக்கு எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு."

"அவன் தப்பான பக்கம் நின்னா?"

ஃபார்ப்மன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, உங்கள் பிள்ளை தப்பான பக்கம் நிற்க மாட்டான் என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு எனக்குப் பிடிக்கவில்லை. கமூஸ் அறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு, மந்திரி வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை என்று ஸீஸா சொன்னாள். என்றைக்காவது ஒருநாள் மகன் துப்பாக்கியோடு கீழே நிற்பான், ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு மேலே நிற்பார்கள், நடுவில் தான் கட்டிய கம்பி இருக்கும் என்பதே அவருடைய பயம். அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை. கடையில் ரொட்டி வாங்குகிற இடத்தில்கூட அதையே பேசினார். கேட்டவர்களில் சிலர் தோளைத் தட்டினார்கள், சிலர் ரொட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

நகர்கிறவர்கள் நாளுக்கு நாள் கூடினார்கள். ஒரு ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் தோரா வாசித்து முடித்ததும், வழக்கமாக நாட்டின், அரசாங்கத்தின் நலனுக்காகச் சொல்லும் ஜெபத்தை வாசகர் சொல்லாமல் தாண்டிவிட்டார். மறந்துவிட்டாரோ என்று பெண்கள் பகுதியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஆண்கள் எல்லோரும் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதகுரு ரப்பி தொண்டையைச் செருமினார், அதோடு சரி. கமூஸ் மட்டும் தன் இடத்தில் எழுந்து நின்று அந்த ஜெபத்தைத் தனியாக முணுமுணுத்தார். என் சிரிப்பெல்லாம் அன்றோடு போயிற்று.

எல்கானா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவான். வாயாடிப் பையன், என்னைக் கண்டால் "பெரியம்மா, இன்னும் சாகலையா?" என்று கேட்டுக் கன்னத்தைக் கிள்ளுவான். அந்தக் குளிர்காலத்தில் அவன் கிள்ளுவதை நிறுத்திவிட்டான். அவனோடு படித்தவன் ஒருவன் பஸ்ஸில் போகும்போது கல்லடி பட்டு ஒரு கண்ணை இழந்திருந்தான். விடுப்பு நாட்களில் எல்கானா ஃபார்ப்மன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பான். தோரா வகுப்பு என்று சொன்னான். பட்டாளத்துக் களைப்பு, அதுதான் பேச்சு குறைந்துவிட்டது என்று அவன் அப்பா நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. கமூஸ் மதியம் கம்பியைச் சுற்றி வந்து வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டார். எல்கானா கூட்டுரோட்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, பஸ்ஸை விட்டுவிட்டேன், ராணுவ ரோந்து ஜீப் நம் பள்ளத்தாக்கு மண்தடம் வழியாகத்தான் வருகிறது, அதில் ஏறி வந்துவிடுகிறேன் என்று சொன்னான். ஸீஸா அவனுக்காக மீனுக்குச் சீரகம் கூடப் போட்டாள். பொழுது சாய்ந்தது. அவன் வரவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி எல்லோரும் ஜெப ஆலயத்துக்குப் போனோம்.

ஜெபம் தொடங்கும் முன் ஃபார்ப்மன் எழுந்தார். முகம் மாப்பிள்ளை முகம்போல் இருந்தது. நம் இளைஞர்கள் இன்று மாலை ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறார்கள் என்றார். மேற்குப் பக்கத்துப் பழைய கம்பியைக் கழற்றிவிட்டு, கீழே இருக்கும் நீரூற்றும், அரபு விவசாயி அபூ ராஜிஹின் திராட்சைத் தோட்டமும் உள்ளே வரும்படி புதுக் கம்பி கட்டியாகிவிட்டதாம். ஓய்வுநாளுக்குள் முடிக்க வேண்டுமென்று ஓடி ஓடிச் செய்தார்களாம். இந்த ஓய்வுநாள் முதல் யூதேயாவின் எல்லை அதுதான் என்றார். சிலர் பாட ஆரம்பித்தார்கள்.

கமூஸ் பாட்டுக்கு நடுவே எழுந்தார். தடத்தின் குறுக்காகவா கட்டினீர்கள், எவ்வளவு உயரம் என்று கேட்டார். சட்டத்துக்குப் பத்துக் கையகலம் போதும், அதற்கும் கொஞ்சம் மேலேயே கட்டியிருக்கிறார்கள் என்று ஃபார்ப்மன் பதில் சொன்னார். சட்டம் அதுதான், பொய்யில்லை. நின்றால் மனிதனுக்கு மார்பளவு. முன்கண்ணாடியை மடித்துவிட்டு ஓட்டுகிற ஜீப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது கழுத்தளவு. கல்லெறிகிற ஊர்களுக்குப் போகும் ஜீப்புகளின் மூக்கில், குறுக்கே கட்டிய கம்பியை அறுக்க ஓர் இரும்புச் சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். எங்கள் தடத்து ஜீப்புக்கு அது கிடையாது. யூதர்கள் குடியிருக்கும் குன்றடியில் யார் கம்பி கட்டப்போகிறார்கள்?

கமூஸ் நடந்து நான் பார்த்ததெல்லாம் நொண்டல்தான். அன்று அவர் ஓடினார். வீட்டுக்குள் புகுந்து கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்தார். ஓய்வுநாளில் அதைத் தொடுவதே பாவம். ஸீஸா கதவருகே நின்று ஏங்க, ஏங்க என்றாள். நானும் அவளும் சரிவில் அவர் பின்னால் இறங்கினோம். புதுக் கம்பி தடத்தின் குறுக்கே, மங்கின வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருந்தது. அவர் கையால் தடவித்தான் கண்டுபிடித்தார். அறுத்த மாத்திரத்தில் இரண்டு முனையும் சுருண்டு விலகின.

கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. ஓட்டியவன் மேனி என்று ஒரு செம்பட்டைத் தலையன், எல்கானாவின் கூட்டாளி. டயர் பஞ்சராகித் தாமதம் என்றான். எல்கானா பின்னாலிருந்து குதித்தான். கமூஸ் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவன் அப்பாவின் தோளுக்கு மேலே அறுந்த கம்பியைப் பார்த்தான், பிறகு அப்பா கையிலிருந்த குறட்டைப் பார்த்தான்.

"ஓய்வுநாள் வந்தாச்சுப்பா," என்றான்.

கமூஸ் நேரே ஜெப ஆலயத்துக்குத் திரும்பிப் போய், கம்பி இல்லை, யாரும் எதையும் தூக்காதீர்கள் என்று அறிவித்தார். பழைய கம்பியையும் கழற்றிவிட்டதால் ஊரே திறந்து கிடந்தது. யார் அறுத்தது என்று கேட்டார்கள். நான் என்றார். உயிர் காக்க ஓய்வுநாளை மீறலாம் என்று ரப்பி சொன்னார், ஆனால் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரிச் சொன்னார். கைக்குழந்தையோடு வந்த பெண்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி கமூஸைப் பார்த்துத் துரோகி என்றாள். போன மாதம்தான் அவள் பிள்ளையின் தொட்டிலை அவர் பழுது பார்த்துக் கொடுத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை ஓங்கி அறைந்திருப்பேன், ஓய்வுநாளாகப் போயிற்று.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, தடத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கமூஸ் கிளம்பினார். எல்கானாவும் கூட நடந்தான். ஸீஸாவுக்கு மனசு கேட்காமல் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தோட்டத்தில் அபூ ராஜிஹ் தன் கொடிகளுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் கொடிகளுக்கு ஊடே வரிசையாகக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். வழக்கமாக அவரும் கமூஸும் அரபியில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அன்று அவர் தடத்தின் பக்கம் முகத்தால் காட்டினார்.

கம்பி மறுபடியும் கட்டியிருந்தது.

ஓய்வுநாளில் முடிச்சுப் போடுவதே குற்றம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. இங்கே எந்த உயிரைக் காக்கக் கட்டினார்கள்? தோராவே சட்டம் என்று நாடு கேட்கிறவர்கள், கேட்ட நாட்டுக்காகத் தோராவையே மீறியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இனி எதுதான் தடை என்று நினைத்தேன்.

கமூஸ் குனிந்து ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். நானும் பார்த்தேன். கம்பி இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. அந்தக் குன்றில் அப்படி முறுக்குகிறவர்கள் இரண்டே பேர்.

"எப்போடா கட்டின?" என்று கேட்டார்.

"காலைல. நீங்க ஜெபத்துல இருந்தப்போ."

"இந்த வழிலதான்டா மேனி வர்றான். நேத்து உன்னைக் கூட்டிட்டு வந்தவன்."

எல்கானா வெள்ளைச் சட்டையில் இருந்தான். குளித்துச் சீவிய தலை. சின்ன வயதில் கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் ஓடுவானே, அதே முகம். கோபமே இல்லாமல் பேசினான்.

"எல்லைன்னா நிக்கணும்பா. நின்னா ஒண்ணும் ஆகாது."

"நிக்காட்டி?"

ஸீஸா அவன் கையைப் பிடித்து, அப்பாவிடம் மன்னிப்புக் கேளுடா என்றாள். தட்டை உடைத்த பிள்ளையிடம் சொல்வது மாதிரிச் சொன்னாள் பாவம். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். மகன் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பானோ என்று இத்தனை நாள் தூக்கம் கெட்டவர், மகன் இந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்துவிட்டார். இது அதைவிடக் கொடுமை.

கமூஸ் சட்டைப்பையிலிருந்து அதே குறட்டை எடுத்தார். எல்கானா தடுக்கவில்லை.

"அறுங்க," என்றான். "ஒரு எடத்துலதான் கட்டிருக்கோம்னு நெனச்சீங்களா?"

அறுத்தார். குறடு கையிலிருந்து நழுவியது. அதை எடுக்க அவருக்குக் குனிய முடியவில்லை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நானும் ஓய்வுநாளை மீறினேன். அதற்காக இதுவரை நான் வருந்தியதில்லை.

ஓய்வுநாள் முடிந்ததும் கமூஸ் ஊர்க்காவல் அறைக்குப் போய், தடத்தை அடைக்கச் சொல்லி ராணுவத்துக்குச் செய்தி அனுப்புங்கள் என்றார். அங்கே இருந்தவர்கள் அனுப்புகிறோம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் அனுப்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் வீட்டுத் தொலைபேசியை எடுத்தார், அது செத்துக் கிடந்தது. எங்கள் வீட்டிலும் அப்படியே. தொலைபேசி மந்திரி யாரென்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை மேனி ஜீப்போடு வந்து, எல்கானாவைக் கூட்டிப் போகிறேன், தடம் வழியாகப் போனால் சீக்கிரம் என்றான். கமூஸ் அவனிடம் விஷயத்தைச் சொன்னார், ரோட்டு வழியாகவே போ என்று கெஞ்சினார். காலையிலிருந்து ரோட்டில் டயர் எரிகிறது, அந்தப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு என்றான் மேனி. உங்கள் ஊர்க்காரர்கள் எங்களுக்குக் கம்பி கட்டுவார்களா, மாமா, நல்ல கதை என்று சிரித்தான். எல்கானா சீருடையில், துப்பாக்கியோடு, அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். ஸீஸா ஒரு டப்பா பிஸ்கட்டை அவன் மடியில் வைத்தாள்.

கமூஸ் ஜீப்பின் முன்னால் போய் நின்றார்.

"எல்கானா, இன்னும் எங்கடா கட்டிருக்கு?"

அவன் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். மேனி ஹாரன் அடித்தான், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு.

கமூஸ் திரும்பினார். வலது கையில் குறடு. இடது கையை மார்பளவில் முன்னால் நீட்டிக்கொண்டு, காற்றைத் தடவித் தடவித் தடத்தில் நடக்க ஆரம்பித்தார். பின்னால் ஜீப் முதல் கியரில் ஊர்ந்தது. பள்ளத்தாக்கின் வளைவு வரைக்கும் நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அந்தக் கை இறங்கவே இல்லை, மகனும் வாயைத் திறக்கவே இல்லை.